லேக்சைட் டெய்சி: பூத்தும் விதை கொள்ளாத செடியின் இனப்பெருக்கச் சிக்கல்

முன்னுரை

சூரியகாந்தி, சாமந்தி, கரிசலாங்கண்ணி முதலியவற்றை உள்ளடக்கிய ஆஸ்டரேசியே, பூக்கும் தாவரக் குடும்பங்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகும். களையாகப் பரவும் இனங்கள் மலிந்த இக்குடும்பத்தில் அரிய இனங்களும் உள. வட அமெரிக்கப் பேரேரிகள் பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் லேக்சைட் டெய்சி (டெட்ரானூரிஸ் ஹெர்பேசியா) அத்தகையது. அமெரிக்க மத்திய அரசு 1988-இல் இதனை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. இல்லினாய் மாநிலத்தில் எஞ்சியிருந்த இச்செடிகள் பூத்தும் விதை கொள்ளாமற் போனமைக்கான காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

வாழிடம்

ஈரி ஏரிக்கரையில், ஓஹையோ மாநிலத்தின் மார்பிள்ஹெட் தீபகற்பத்தில் லேக்சைட் என்னும் சிற்றூர் உள்ளது. செடியின் பெயர் அவ்வூரால் அமைந்தது. சுண்ணாம்புப் பாறையின்மேல் மண் மிக மெல்லியதாகப் படிந்த திறந்த வெளிகளே இதன் வாழிடம். வசந்தத்தில் ஈரமும் கோடையில் கடும் வறட்சியும் நிலவும் அவ்விடத்தில் உயரமான செடிகள் எளிதில் வேரூன்றுவதில்லை. எனவே, நிழலைத் தாங்காத இச்செடி அங்குப் போட்டியின்றி வாழ்கிறது. தரையை ஒட்டிய தடித்த இலைகளின் நடுவிலிருந்து இலையற்ற காம்பு எழ, அதன் நுனியில் மஞ்சள் நிறச் சிரமஞ்சரி ஒன்று மே மாதத்தை ஒட்டி மலர்கிறது.

கல் வெட்டும் தொழில் இச்செடியை அழித்தது; மேல்மண் நீங்கிய வெறும் பாறையை விட்டுச் சென்று அதற்கு இடமும் தந்தது. இம்முரண் இனத்தின் வரலாறு நெடுகத் தொடர்கிறது எனலாம்.

தன்னொவ்வாமை

ஆஸ்டரேசியே குடும்பத்தின் பல இனங்களில் காணப்படும் தன்னொவ்வாமை இச்செடியிலும் உண்டு. எஸ் எனப்படும் மரபணு இருப்பிடத்தின் மாற்றுருக்களே ஒரு செடியின் இனச்சேர்க்கை வகையைத் தீர்மானிக்கின்றன. மகரந்தத்தூள் தன்னை ஈன்ற செடியின் வகை அடையாளத்தைத் தன் புறவுறையில் சுமந்து வருகிறது. சூலகமுடி அதே அடையாளத்தைக் கொண்டிருப்பின் அத்தூளை ஏற்பதில்லை. மகரந்தக் குழல் வளராது, கருவுறுதலும் நிகழாது. ஆகவே ஒரு செடி தன் மகரந்தத்தை மட்டுமன்றி, தன் வகையைச் சார்ந்த பிற செடிகளின் மகரந்தத்தையும் மறுக்கிறது.

தமிழில் இதற்குத் ‘தன்மலட்டுத்தன்மை’ என்னும் சொல்லும் வழங்குகிறது. இங்கு அச்சொல் பொருந்தாது. மகரந்தமும் சூலும் குறையற்றவை. பொருத்தமான துணை கிடைப்பின் அச்செடியே விதை தரும். மலடு எனக் கொள்வோர் குறையைச் செடியிடம் தேடுவர். குறையோ செடித்தொகையின் அமைப்பில் உள்ளது.

பெருந்தொகையில் பல வகைகள் கலந்திருப்பதால் துணைக்குப் பஞ்சமில்லை. தொகை சுருங்கும்போது சில மாற்றுருக்கள் தற்செயலாகவே மறைந்துவிடுகின்றன. மேலும், இச்செடி மட்டத்தண்டு கிளைத்து உடல்வழியும் பெருகுவதால், பல செடிகளாகத் தோன்றுவன ஒரே மரபமைப்பின் படிகளாக இருக்கவும் கூடும். தலைகளை எண்ணும் கணக்கெடுப்பு இவ்வேறுபாட்டைக் காட்டாது.

இல்லினாய்ச் செடிகள்

இல்லினாயில் எஞ்சிய கடைசித் தொகை பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக விதை தரவில்லை. மார்செல்லா டெமாரோ கைவழி மகரந்தச் சேர்க்கைச் சோதனைகளின் மூலம் இதன் காரணத்தைக் கண்டறிந்து 1993-இல் வெளியிட்டார். அச்செடிகள் யாவும் ஒரே இனச்சேர்க்கை வகையைச் சார்ந்தவை. தமக்குள் எத்தனை முறை கலந்தும் அவை விதை கொள்ளவில்லை. ஓஹையோச் செடிகளின் மகரந்தம் இட்டபோது விதை கொண்டன. உயிரோடிருந்தும் அத்தொகை இனப்பெருக்க நோக்கில் அற்றுப்போனதாகவே இருந்தது.

வட்டாரத் தொகைகளை ஒன்றோடொன்று கலப்பின் அவற்றின் தனி மரபு கெடும் என்னும் தயக்கம் பாதுகாப்புத் துறையில் உண்டு. அது பொதுவாக ஏற்கத்தக்கதே. ஆயின் இங்குத் தூய்மையைக் காப்பது விதையின்மையைக் காப்பதாகவே முடிந்திருக்கும். இரு மாநிலச் செடிகளின் கலப்பால் பெற்ற வழித்தோன்றல்களும் சேர்ந்தே இல்லினாயின் இயற்கைக் காப்பிடங்களில் நடப்பட்டன. அத்தகைய நடவில் எத்தனை கன்றுகள் என்பதோடு, எத்தனை வகைகள், அவை தேனீ சென்றுவரும் தொலைவுக்குள் கலந்து நிற்கின்றனவா என்பனவும் கணக்கில் கொள்ளப்பட வேண்டியவை. கன்றின் வகையைத் தோற்றத்தால் அறிய இயலாது; அது பூத்தபின் வெவ்வேறு செடிகளின் மகரந்தத்தை இட்டு, விதை முற்றும்வரை காத்திருந்தே அறிய வேண்டியுள்ளது.