இரக்கத்தால் வரும் பிழை

பிறந்த குழந்தையின் மூளை, எடையில் பெரியவர் மூளையில் ஏறத்தாழக் கால் பங்குதான். இரண்டு வயதிற்குள் அது முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. இந்த வேகமான வளர்ச்சியின்போது வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் அடிக்கடி வந்தால் என்ன ஆகும்?

இதை அறிய, காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் மேற்கே உள்ள வேலூரில் 2010இல் ஓர் ஆய்வு தொடங்கியது. நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த 251 குழந்தைகளைக் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் பதிவு செய்துகொண்டனர். எட்டு நாடுகளில் ஒரே முறையில் நடந்த 'மால்-எட்' ஆய்வின் இந்தியப் பகுதி இது. ஆய்வு உதவியாளர்கள் வாரம் இருமுறை வீடு வீடாகச் சென்றார்கள். காய்ச்சல் உண்டா, எத்தனை முறை வயிறு போயிற்று, தாய்ப்பால் குடித்ததா என்று இரண்டு ஆண்டுகள் ஓயாமல் கேட்டுக் குறித்தார்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் கடினமான வேலை வேறொன்று.

மூளையின் திறனைத் தராசில் நிறுக்க முடியாது. குழந்தை செய்வதைப் பார்த்துத்தான் மதிப்பிடவேண்டும். மறைத்த பொம்மையைத் தேடுகிறதா? கட்டையின்மேல் கட்டை அடுக்குகிறதா? 'பேய்லி அளவுகோல்' என்னும் சோதனை இவ்வகையானது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் சுழிப்பிழை பார்க்காமல் திருகு அளவியைத் தொடமாட்டீர்கள் அல்லவா? இங்கே அளவியே ஒரு மனிதர்!

மெலிந்த குழந்தை ஒன்று பொம்மையைத் தேடித் தடுமாறுகிறது. தாய் கவலையோடு பார்க்கிறாள். உதவியாளரின் கண் தன்னையறியாமல் பொம்மை இருக்கும் பக்கம் திரும்புகிறது. குழந்தை எடுத்துவிடுகிறது, ஒரு மதிப்பெண். இதில் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள்.

ஒழுங்கற்ற பிழையானால் பல அளவீடுகளின் சராசரியில் பெரும்பாலும் கரைந்துபோகும். இது அப்படிப்பட்டதன்று. கொழுகொழுவென்ற குழந்தைக்கு யாரும் குறிப்புக் காட்டுவதில்லை. இரக்கம் நோயுற்ற குழந்தையிடம்தான் பிறக்கிறது. ஆகவே நோய்க்கும் அறிவு வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு எதுவோ, அதையே இந்தப் பிழை அழித்துவிடும். ஆயிரம் குழந்தைகளைச் சோதித்தாலும் இது கரையாது. 'நோயால் பாதிப்பில்லை' என்று முடிவு வந்தால், அடுத்து அக்குழந்தைகளுக்குச் சத்துணவு கேட்பது யார்?

அதனால்தான் பயிற்சி கடுமையாக இருக்கிறது. சிரிக்கலாம், கொஞ்சலாம், விடையைக் கண்ணாலும் காட்டக்கூடாது. ஒரே குழந்தைக்கு இருவர் தனித்தனியே மதிப்பெண் இட்டு ஒப்பிடுவதும் உண்டு. அளக்கும் நாளும் முக்கியம். தறியில் இழை அறுந்தால் நம்மூர் நெசவாளர் முடிந்துகொண்டு மேலே நெய்வார். ஆறாம் மாத அளவீடு தவறினால் முடிய வழியில்லை. எட்டாம் மாதத்தில் அது வேறு குழந்தை.

எட்டு நாடுகளின் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. நோய், உணவு, குடற்கிருமிகள், வீட்டுச் சூழல் ஆகியவை ஒன்றோடொன்று பின்னி அறிவு வளர்ச்சியைப் பாதிக்கின்றன என்று அவை காட்டின. வேலூர்க் குழந்தைகளை ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் மீண்டும் சோதித்தார்கள். இதற்குள் வாடகை வீடு மாறிப்போன குடும்பத்தைத் தேடிப்பிடிப்பதும் உதவியாளர் வேலையில் சேர்ந்ததுதான்.