சளியில் தெரியும் மின்மினிகள்

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நிற்காவிட்டால் சளியைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். நம்மில் பலர் அந்தச் சிறு போத்தலை வாங்கவே கூச்சப்படுகிறோம். முகாம்களில் நெருக்கியடித்து வாழ்ந்துவிட்டு, இப்போது கம்பளைத் தோட்டங்களில் உறவினரோடு இருக்கும் சகோதரிகளிடமும் இதைக் காண்கிறேன். "அதில என்னத்தப் பாக்கப் போறாங்க, தங்கச்சி?" என்று ஓர் அக்கா கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

கசநோய்க் கிருமியை 1882 இல் ஜெர்மனியில் றொபேர்ட் கொக் சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் கண்டறிந்தார். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறக்குறைய 300 கிருமிகளை வரிசையாக வைக்கலாம். அதன் மேலுறை மெழுகு போன்றது. அதில் ஏறிய சிவப்புச் சாயம் அமிலத்தால் கழுவினாலும் போகாது. ஆயிரம் மடங்கு பெருப்பித்து, நூறு இடமாவது தேட வேண்டும். பார்ப்பவரின் கண் களைத்துவிடும்.

இன்னொரு முறையில் ஓரமின் என்ற சாயம் பூசுகிறார்கள். நீல ஒளி பட்டதும் கிருமிகள் இருட்டில் மின்மினிபோல் மஞ்சள் பச்சையாக ஒளிரும். குறைந்த பெருக்கமே போதும், வேலையும் விரைவு. முன்பு இதற்கு விலைகூடிய இரச ஆவி விளக்கும் இருட்டறையும் வேண்டியிருந்தன. எல்.ஈ.டி விளக்கு வந்ததும் அந்தத் தொல்லை குறைந்தது, பற்றறியிலும் எரியும். (மின்சாரமின்றிக் கிடந்த நமது ஊர்களை நினைத்துக்கொண்டேன்.) 2011 இல் உலக சுகாதார நிறுவனம் இதனைச் சிபாரிசு செய்தது. ஒளி நுணுக்குக்காட்டியின் எல்லையைத் தாண்டியதற்காக 2014 இல் மூவர் நோபல் பரிசே பெற்றார்கள். அந்தக் கருவிகள் ஆய்வாளருக்கு. நமக்கு உதவுவது இந்தச் சின்ன விளக்குத்தான். இன்று கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனையும் உண்டு. அதற்கும் நல்ல சளி வேண்டும்.

ஒரு மில்லிலீற்றர் சளியில் 5000 கிருமிகளாவது இருந்தால்தான் நுணுக்குக்காட்டியில் அகப்படும். வெட்கத்தில் வெறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எந்த விளக்கு என்ன செய்யும்? பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் நடந்த ஓர் ஆய்வு 2007 இல் வெளியானது. சளி எடுக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுக்காத பெண்களில் நூற்றுக்கு 8 பேரிடமே கிருமி தெரிந்தது; சொல்லிக்கொடுத்தவர்களில் 13 பேரிடம். கருவி ஒன்றுதான்!

காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளியுங்கள். ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுங்கள். வெளியில், காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகளுக்கு அப்பால் நின்று செய்யுங்கள். மூடியை இறுக்கி அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். நோய் இருந்தால் வழக்கமாக ஆறு மாதம் மருந்து. அரசாங்க மார்பு நோய்க் கிளினிக்கில் காசு வாங்கமாட்டார்கள்.