சாட்டை இல்லாமல் குதிரை பழகுமா?

திருவண்ணாமலையில், கார்த்திகை தீபத் திருவிழாவின்போது மாட்டுச் சந்தையோடு குதிரைகளும் விலைக்கு வரும். வாங்குபவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார். எப்படிப் பழக்கினார்கள் என்று கேட்பவர் குறைவு.

அடிக்காமல், குதிரையின் சுபாவத்தைப் புரிந்துகொண்டு பழக்குவதை 'இயல்புவழிப் பயிற்சி' எனலாம். அமெரிக்கரான மான்டி ராபர்ட்ஸ் இதை உலகறியச் செய்தவர்களில் ஒருவர்.

எப்படி நடக்கிறது?

கயிற்றை மெல்ல இழுக்கிறோம். குதிரை ஓரடி எடுத்து வைத்ததும் சட்டென்று தளர்த்துகிறோம். அந்தத் தளர்வுதான் பாடம். தாமதித்தால் எதற்காகத் தளர்த்தினோம் என்பது அதற்குப் புரியாது.

நன்மை என்ன?

காது மடங்குவது, வால் வீசுவது, உடல் இறுகுவது எல்லாம் குதிரையின் பேச்சு. அதைக் கவனிக்கப் பழகியவருக்குச் சாட்டை அதிகம் தேவைப்படாது. உதையும் குறைவாக விழும்.

குறை என்ன?

வட்டப் பட்டியில் குதிரையை ஓடவிட்டு, அது தானாக நெருங்கி வந்தால் 'என்னைத் தலைவனாக ஏற்றுக்கொண்டது' என்பார்கள். 2012இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதருக்குப் பதில் ரிமோட் காரை ஓட்டிப் பார்த்தார்கள். குதிரைகள் காரையும் நெருங்கின! துரத்தல் நின்ற நிம்மதிதான் காரணம், பாசமல்ல. அளவு மீறித் துரத்தினால் பயந்து அடங்கிப்போகும். அந்த அடக்கத்தைப் பழக்கம் என்று எண்ணிவிடக் கூடாது.

முறையின் பெயர் எதுவானாலும், தளர்த்தத் தெரிந்த கைதான் நல்ல கை.