சினைமுட்டைக்குப் பக்கத்தில் நோயெதிர்ப்பு அணுக்கள் – கவலைப்பட வேண்டுமா?

நீங்களோ உங்கள் தோழியோ செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்குத் தயாராகிறீர்களா? "நோயெதிர்ப்புச் சக்தியே முட்டையைக் கெடுத்துடும்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கலாம்.

அது உண்மையா?

முட்டை எங்கே வளர்கிறது?

சினைப்பையில் ஒவ்வொரு முட்டையும் ஒரு குட்டிப் பைக்குள் இருக்கும். அதை ஃபாலிக்கிள் என்பார்கள். முட்டை முதிரும்போது பையில் திரவம் நிறையும். பை சுமார் 2 சென்டிமீட்டர் வரை பெரிதாகும்.

வழக்கமாக மாதத்துக்கு ஒரு பைதான் முழுமையாக வளரும். ஐவிஎஃப் சிகிச்சையில் ஹார்மோன் ஊசியால் பல பைகள் ஒன்றாக வளரும். முட்டையை முதிரவைக்க இன்னோர் ஊசி போடுவார்கள். அதன்பின் சுமார் 36 மணி நேரத்தில் மருத்துவர் மெல்லிய ஊசியால் திரவத்தை உறிஞ்சி எடுப்பார். ஆய்வுக்கூடத்தில் அதிலிருந்து முட்டையைப் பிரித்தெடுப்பார்கள்.

மிச்சத் திரவத்தை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது அதில் பலவகை வெள்ளையணுக்கள் இருந்தன. மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில், டி அணுக்கள், இயற்கைக் கொல்லி அணுக்கள்...

கிருமி இல்லாத இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை?

முட்டை வெளியே வர வேண்டுமென்றால் பையின் சுவர் உடைய வேண்டும். அது ஒரு சின்னக் காயம் மாதிரி. ரத்த நாளங்கள் விரியும், திசு வீங்கும், பிறகு ஆறும். முட்டை வெளியாவது ஒருவகை அழற்சிதான் என்று லாரன்ஸ் எஸ்பி எனும் ஆய்வாளர் 1980இல் எழுதினார்.

அந்த வேலையில் வெள்ளையணுக்கள் உதவுகின்றன:

- சுவரைத் தளர்த்தும் நொதிகளை வெளியிடுகின்றன
- இறந்த அணுக்களைச் சுத்தம் செய்கின்றன
- காலியான பை, கர்ப்பத்துக்குத் தேவையான புரொஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கும் திசுவாக மாறத் துணைபுரிகின்றன

ஆக, 'கொல்லி' என்ற பெயர்தான் பயமுறுத்துகிறது. அவை அங்கே இருப்பது இயல்பு.

அப்போ சோதித்துப் பார்க்கலாமா?

அவசரம் வேண்டாம். ஊசி குத்தும்போது ரத்தமும் திரவத்தில் கலக்கும். அதனால் எந்த அணு பையிலிருந்து வந்தது, எது ரத்தத்திலிருந்து வந்தது என்று பிரிப்பதே சிரமம். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களின் திரவத்தில் சில வேறுபாடுகள் தெரிகின்றன. ஆனால் அதை வைத்து யார் கருத்தரிப்பார் என்று கணிக்க முடியாது.

இருந்தாலும் உலகின் பல இடங்களில் நோயெதிர்ப்புச் சோதனை, ஸ்டீராய்டு மாத்திரை, 'இன்ட்ராலிப்பிட்' எனும் கொழுப்புத் திரவம் ஆகியவை கூடுதல் கட்டணத்துக்கு வழங்கப்படுகின்றன. மனித இனப்பெருக்கத்துக்கான ஐரோப்பியச் சங்கம் 2023இல் அவற்றை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. பலன் கிடைக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஸ்டீராய்டு கிருமித்தொற்று அபாயத்தைக் கூட்டலாம்.

சிங்கப்பூரில் செயற்கைக் கருத்தரிப்புக்கு ஒருவர் மெடிசேவிலிருந்து எடுக்கக்கூடிய மொத்தத் தொகை 15,000 வெள்ளி. ஒவ்வொரு வெள்ளியையும் யோசித்துச் செலவிடுவது நல்லது.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

- இந்தச் சோதனையின் முடிவு என் சிகிச்சையை மாற்றுமா?
- குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்பதற்கு என்ன ஆதாரம்?
- பக்கவிளைவு என்ன? செலவு எவ்வளவு?
- ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை சாப்பிடலாமா? (அழற்சியைக் குறைக்கும் அத்தகைய மாத்திரைகள் முட்டை வெளியாவதைத் தாமதப்படுத்தக்கூடும்)

கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். சிகிச்சை பலன் தராவிட்டால் "என் உடம்பே எனக்கு எதிரி" என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். அந்தக் குட்டிப் பைக்குள் இருக்கும் அணுக்கள் தங்கள் வேலையைத்தான் செய்கின்றன.