தேயிலை மலையில் ஓர் ஏட்டறை
(கணினியும் தமிழ் வாசகரும் - 9)

கேமரன் மலையிலே ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929-ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவிய காலந்தொட்டு, காட்டைத் திருத்திக் கன்று நட்டுக் கொழுந்து பறித்து அம்மலைச் சரிவுகளைப் பசுமையாக்கிய தமிழ்த் தொழிலாளரின் சந்ததியார், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிற் கற்ற எழுத்தை மறவாது ஒரு நல்ல நூலை வாசிக்க விரும்பினால், தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ மலையிறங்கி ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ சென்று தேட வேண்டிய நிலைமையே நெடுங்காலம் இருந்து வந்தது. அந்த நிலைமை இன்று மாறிவிட்டது. மதுரைத் திட்டத்தார் 1998 முதல் தட்டெழுதி வெளியிட்டு வரும் இலக்கியங்களும், நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் திரட்டி வரும் ஈழத்து ஏடுகளும், அவற்றினிடையே நம்மைப் போலவே தேயிலைச் செடியோடு வாழ்ந்த இலங்கை மலையகத் தமிழரின் நூல்களும் இதழ்களும் கேமரன் மலையின் ரிங்லெட்டிலோ சுங்கை பாலாஸிலோ இருக்கும் ஒரு வீட்டுக்கு இப்போது பி.டி.எப். கோப்புகளாகச் செலவின்றி வந்து சேர்கின்றன. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் பயிற்சித் தாள்கள் பெற்றோரின் கைப்பேசிகளுக்கு வந்ததும் பி.டி.எப். என்னும் இதே உருவில்தான்.

ஆகவே, பி.டி.எப். கோப்புகளை வாசிப்பதற்கு இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களுள் எது உத்தமமானது என்னும் கேள்வியை, எதில் எத்தனை வசதிகள் உள்ளன என்று எண்ணிக் கணக்கிட்டுத் தீர்த்துவிட முடியாது. பழைய கணினியும், அடைமழை நாட்களில் நலிந்துபோகும் இணையத் தொடர்பும் உள்ள மலைவீட்டில், ஒரு தமிழ் நூலை அந்த மென்பொருள் எவ்வளவு சிரத்தையுடன் கையாள்கிறது என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

அடோபி நிறுவனம் 1993-இல் இந்தக் கோப்பு முறையை வெளியிட்டபோது, அதை வாசிக்கும் மென்பொருளைக்கூட விலை கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது; பிற்பாடுதான் அது இலவசமாயிற்று. 2008-இல் இம்முறை சர்வதேசத் தரமாக அங்கீகரிக்கப்பட்ட பின்னர், விதிகளைப் படித்தறிந்து எவர் வேண்டுமானாலும் தமக்கென ஒரு வாசிப்பானைச் செய்துகொள்ளலாம் என்னும் சுதந்திரம் ஐயத்துக்கு இடமின்றி உறுதியாயிற்று.

பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துச் சேர்த்த கோப்புகள் மிகவும் கனமானவை. அவற்றைத் திறக்கும்போது வயதான கணினி மூச்சுத் திணறுகிறது. இந்த இடத்தில் நான் தயக்கமின்றிச் சிபாரிசு செய்வது, கிரிஸ்டோப் கோவல்சிக் என்பவர் 2006-இல் தொடங்கிய சுமத்ரா என்னும் வாசிப்பானையே. அது விண்டோஸில் மட்டுமே இயங்கும். ஆயினும் இருபது மெகாபைட்டுக்கும் குறைந்த சிற்றுருவினது. கணினியில் நிறுவாமலே பென் டிரைவில் வைத்தபடி ஓடவல்லது. நாம் கடைசியாக நிறுத்திய பக்கத்தை நினைவில் வைத்திருந்து, மறுமுறை அந்தப் பக்கத்தையே திறந்து காட்டுவது. ஒரு தோட்டப் பள்ளியின் ஆசிரியர் பத்து நூல்களையும் இவ்வாசிப்பானையும் ஒரே பென் டிரைவில் இட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினால், இணையத்தின் தயவு இல்லாமலே ஒரு சிறு வாசகசாலை வீடு வீடாகச் சென்று வருமல்லவா? விளிம்பிற் குறிப்பெழுதியும் வரிகளுக்கு வண்ணமிட்டும் ஆழ்ந்து படிக்கும் பழக்கமுடையோருக்கு, கே.டி.இ. என்னும் மென்பொருட் குழுவினரின் ஓகுலர் இன்னும் பொருத்தமானது. ஜெர்மானிய அரசாங்கத்தின் 'நீல தேவதை' என்னும் சுற்றுச்சூழல் முத்திரை 2022-இல் முதன்முதலாக ஒரு மென்பொருளுக்கு வழங்கப்பட்டபோது அதைப் பெற்றது ஓகுலரே. ஐந்தாண்டுகளுக்கு முந்திய கணினியிலும் தடையின்றி ஓட வேண்டும் என்பது அம்முத்திரைக்குரிய நிபந்தனைகளுள் ஒன்று. புதுக் கணினி வாங்கும் சக்தியில்லாத குடும்பங்களுக்கு இதைவிடப் பிரயோஜனமான நற்சாட்சி வேறு இராது.

அடோபி அக்ரோபாட் ரீடரையும் பாக்ஸிட்டையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. படிவங்களை நிரப்புவதிலும் கையொப்பமிடுவதிலும் அவை தேர்ந்தவை. ஆனால் வெறும் வாசிப்புக்கு அவ்வளவு பெரிய பரிவாரம் அநாவசியம் என்பது என் அபிப்பிராயம். அவற்றில் விலைக்குரிய சேவைகளை வாங்குமாறு அடிக்கடி எழும் அழைப்புகளும் வாசிப்பவரின் கவனத்தைக் குலைக்கின்றன. சேமநிதி வாரியத்துக்கோ சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கோ ஒரு படிவம் நிரப்ப வேண்டியவர்கள் பயர்பாக்ஸ் உலாவியையே முயன்று பார்க்கலாம். 2013 முதல் அதற்குள்ளேயே ஒரு வாசிப்பான் அமைந்திருக்கிறது. மற்றப் பல வாசிப்பான்கள் திறக்க மறுக்கும் எக்ஸ்.எப்.ஏ. என்னும் பழைய வகைப் படிவங்களையும் 2021 முதல் அது திறந்து காட்டுகிறது.

இதுவரை கூறியவை எந்த மொழியாருக்கும் பொருந்தும். தமிழருக்கென்றே உரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. என் மனத்தை மிகவும் வருத்துவது அதுதான். பி.டி.எப். கோப்பு, எழுத்துக்களை நாம் உச்சரிக்கும் வரிசையில் அல்லாமல், தாளின்மேல் இடமிருந்து வலமாகத் தோன்றும் வரிசையிலே வைத்துக்கொள்வது வழக்கம். ஆங்கிலத்துக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. தமிழிலோ ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஐகாரக் குறியும் மெய்க்கு முன்னே நிற்பவை. ஆனால் யூனிகோடு முறைப்படி அவை மெய்க்குப் பின்னே பதியப்பட வேண்டியவை. இதனால், 'தேயிலை' என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்ற சொல்லை ஒரு கோப்பிலிருந்து நகலெடுத்து வேறோரிடத்தில் ஒட்டினால், கொம்பு தகரத்துக்கு முன்னும் ஐகாரக் குறி லகரத்துக்கு முன்னும் புரண்டு நின்று, வாசிக்க இயலாத உருவொன்று வந்து விழுகிறது. தேடும் கட்டத்தில் அச்சொல்லை இட்டாலும் அப்படி ஒன்று இல்லையென்றே விடை கிடைக்கிறது. முன்னூறு பக்க நூல் முழுவதும் தேயிலையைப் பற்றியே பேசினாலும் கதி இதுதான். யூனிகோடு பரவுவதற்கு முன்னே பதிப்பகத்துக்கு ஒன்றாக வழங்கிய எழுத்துருக்களிற் செய்த கோப்புகளின் நிலைமை இன்னும் பரிதாபமானது. அவற்றிலிருந்து நகலெடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே மிஞ்சும். வாசிப்பானை மாற்றிப் பார்த்தால் சிற்சில கோப்புகளில் கொஞ்சம் நன்மை கிட்டுவதுண்டு. எனினும் பிழையின் வேர் கோப்பைத் தயாரித்தவரிடத்திலே இருக்கையில், எந்த வாசிப்பானும் அதை முற்றிலும் தீர்த்து வைக்க முடியாது.

இது ஆராய்ச்சியாளரை மட்டும் பாதிக்கும் சிறு விஷயம் என்று எவரும் அலட்சியம் செய்யலாகாது. மைக்ரோசாப்ட் எட்ஜ் உலாவியில் ஒரு பி.டி.எப். கோப்பைத் திறந்து, உரக்க வாசிக்கும் வசதியை அமர்த்தினால், இணையம் உள்ளவரையில் அது தமிழிலும் வாசித்துக் காட்டும். மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூர்யா என்னும் இரண்டு குரல்களை அந்நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, இப்போது பார்வை மங்கி வீட்டோடிருக்கும் பாட்டிமாருக்கும், பள்ளிக்கூடத்தையே கண்டறியாத முதியோருக்கும் இதைக் காட்டிலும் பெரிய உபகாரம் ஒன்றை இந்தக் கணினி யுகத்தில் என்னால் நினைக்க முடியவில்லை. ஆனால் அந்தக் குரல் கண்ணால் பார்த்துப் படிப்பதில்லை. கோப்புக்குள் உறையும் எழுத்து வரிசையையே படிக்கிறது. வரிசை புரண்டிருந்தால் வாசிப்பும் உளறலாகிவிடும். பக்கம் வெறும் படமாயிருந்தாலோ வாசிப்பதற்கு எழுத்தே இராது.

ஆகையால் மலரும் ஆண்டறிக்கையும் வெளியிடுகின்ற பள்ளி வாரியங்களுக்கும் ஆலய நிர்வாகத்தாருக்கும் நூலாசிரியர்களுக்கும் என் விண்ணப்பம் இது: யூனிகோடு எழுத்துருவிலேயே தட்டெழுதுங்கள்; பி.டி.எப். ஆக்கியவுடன், அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டி, கொம்புகள் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறழ்ந்திருந்தால், மதுரைத் திட்டத்தார் பி.டி.எப். கோப்போடு யூனிகோடு பக்கத்தையும் சேர்த்து வழங்குவதைப் போல, மூல உரையையும் கூடவே வெளியிடுங்கள். இதற்குப் பணச் செலவு சிறிதும் இல்லை. கால் மணி நேரக் கவனமே போதும்.

படமாக மட்டுமே எஞ்சியிருக்கும் பழைய பக்கங்களை எழுத்தாக மீட்டுத் தரவல்ல டெசராக்ட் என்னும் இலவச மென்பொருளைப் பற்றியும், தமிழ் அச்சுக்களை அது எவ்வளவு தூரம் சரியாக இனங்காணுகிறது என்பதைப் பற்றியும் அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.