உப்பு, தனியா போட்டு ஒரு பீர்... 20 வருடம் காணாமல்போய் மீண்டு வந்த 'கோஸே' கதை!

ஜெர்மனி பீர் என்றதுமே பலருக்கும் நினைவுக்கு வருவது 1516-ல் பவேரியாவில் போடப்பட்ட சட்டம்தான். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர்... இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்றது அது. ஆனால், அதே ஜெர்மனியில் கோதுமை, உப்பு, தனியா சேர்த்துக் காய்ச்சும் ஒரு பீரும் உண்டு. பெயர், கோஸே!

ஹார்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் கோஸ்லார் நகரம்தான் இதன் பிறப்பிடம். அங்கே ஓடும் கோஸே ஆற்றின் பெயரே பீருக்கும் வந்தது. பின்னாளில் லைப்சிக் நகரத்துக்காரர்கள் இதைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

சுவை எப்படி? முதலில் நாக்கில் தட்டுவது புளிப்பு. நம் இட்லி மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா வகைதான் இங்கேயும் வேலை செய்கிறது. பின்னாலேயே லேசான உப்பு, கடைசியில் தனியா வாசனை. கசப்பு மிகக் குறைவு. அந்தக் காலத்தில் நீண்ட கழுத்துள்ள பாட்டிலில் மூடியே போடாமல் வைப்பார்களாம். பொங்கி மேலே வரும் ஈஸ்ட்டே கழுத்தை அடைத்துக்கொள்ளும்!

இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-ல், கோஸேவுக்குப் பெயர்பெற்ற டோல்னிட்ஸ் ஆலை மூடப்பட்டது. அங்கே தொழில் கற்ற ஃப்ரீட்ரிக் வுர்ட்ஸ்லர், 1949-ல் லைப்சிக்கில் சின்னதாக ஓர் ஆலை தொடங்கினார். 1966-ல் அதுவும் மூடப்பட, கோஸே காய்ச்ச ஆளில்லாமல்போனது.

இருபது வருடங்கள் கழித்து, லோத்தர் கோல்ட்ஹான் என்பவர் 'ஓனே பெடெங்கன்' என்ற பழைய கோஸே விடுதியைப் புதுப்பிக்க இறங்கினார். விடுதி தயார்... பீர்? அதன் சுவை முதியவர்களின் நாக்கில் மட்டும்தான் மிச்சமிருந்தது. அன்று குடித்தவர்களைத் தேடிப்பிடித்து, எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கிழக்கு பெர்லினில் ஓர் ஆலை காய்ச்சித் தர, 1986-ல் கோஸே திரும்பியது.

இன்று அமெரிக்கா வரை கோஸே காய்ச்சுகிறார்கள். லைப்சிக்கின் பழைய ரயில் நிலையமான பாயரிஷர் பான்ஹோஃப்பிலும் 2000 முதல் தயாராகிறது. சாப்பிட்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவைத்ததால் பிழைத்த சுவை இது. உங்கள் வீட்டுப் பாட்டியிடமும் கேட்க வேண்டிய பக்குவம் ஏதாவது பாக்கி இருக்கிறதா?

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)