பெருக்கல் குறிக்குள் இருந்த வாக்கியம்

மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது. ‘புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு’ என்ற நடு வாக்கியத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நம் தருக்க நூலோர் மட்டும் அதற்கு வியாப்தி என்று பெயர் வைத்து, அடுக்களையை உதாரணம் காட்டி, சொல்லியே ஆகவேண்டும் என்றார்கள். அந்தப் பிடிவாதத்தின் அருமை சாலி கிளார்க் வழக்கைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

சாலி, இங்கிலாந்தில் வழக்கறிஞர். 1996 டிசம்பரில் அவருடைய முதல் குழந்தை, பதினொரு வாரத்துப் பிள்ளை, திடீரென்று இறந்தது. 1998 ஜனவரியில் இரண்டாவது மகனும் இறந்தான். அவனுக்கு எட்டு வாரம். தாய்தான் கொன்றாள் என்று வழக்குப் போட்டார்கள்.

1999இல் விசாரணை. குழந்தை மருத்துவ நிபுணர் ராய் மெடோ கூண்டேறி ஒரு கணக்குச் சொன்னார். புகைபிடிக்காத, வருமானம் உள்ள, தாய்க்கு 26 வயது தாண்டிய குடும்பத்தில் ஒரு சிசு காரணம் தெரியாமல் இறப்பது 8,543இல் ஒன்று. ஆகவே இரண்டு சிசுக்கள் இறப்பது 8,543ஐ 8,543ஆல் பெருக்கினால் வருவது: ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. ஜூரிகள் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனை.

தாளில் போட்டுப் பாருங்கள், 7,29,82,849 வரும். பெருக்கியதில் பிழையே இல்லை. ஆனால் இரண்டையும் பெருக்கலாம் என்று எடுத்துக்கொண்ட அந்த நொடியில், ‘அண்ணன் இறந்ததற்கும் தம்பி இறந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்ற வாக்கியம் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டது. அதை யாராவது உரக்கச் சொல்லியிருந்தால், பிள்ளை பெற்ற எவருக்கும் சுருக்கென்றிருக்கும். ஒரே தாய் தகப்பன், ஒரே வீடு, ஒரே ரத்தம். கூடத்து விளக்கும் அடுக்களை விளக்கும் ஒரே நொடியில் அணைந்தால், இரண்டு பல்பும் சேர்ந்தாற்போல் ஃபியூஸ் ஆவது எத்தனை அபூர்வம் என்றா கணக்குப் போடுகிறோம்? கரண்ட் போச்சு என்கிறோம்.

இதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. இயற்கையாக இறப்பது இவ்வளவு அபூர்வம், ஆகவே கொலை. அப்படியானால், பெற்றவளே இரண்டு சிசுக்களை அடுத்தடுத்துக் கொல்வது அதைவிடச் சகஜமா? அதுவும் அபூர்வம்தானே! இரண்டு அபூர்வங்களையும் எதிரெதிரே வைத்து எடை போட வேண்டிய இடத்தில், ஒரு தட்டை மட்டும் காட்டினார்கள்.

எனவே, வாதத்தில் ‘ஆகவே’ வரும் இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். முன்னதிலிருந்து பின்னதுக்குப் போக எது உண்மையாக இருந்தாக வேண்டும் என்று யோசித்து எழுதி, அதையே மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன். ‘இரண்டு மரணங்களுக்கும் சம்பந்தம் உண்டு’ என்று வையுங்கள். 7 கோடியே 30 லட்சம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

2000இல் சாலியின் முதல் மேல்முறையீடு தள்ளுபடியானது. அந்த எண்ணுக்குப் புள்ளியியலில் ஆதாரமே இல்லை என்று 2001இல் இங்கிலாந்தின் ராயல் புள்ளியியல் சங்கம் பகிரங்கமாக அறிவித்தது. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித் தொற்று இருந்ததைக் காட்டும் பரிசோதனை முடிவுகளை சாலியின் தரப்புக்குக் காட்டாமலே வைத்திருந்ததும் வெளியே வந்தது. 2003 ஜனவரியில் சாலியை விடுவித்தார்கள். அதற்குள் மூன்று வருஷத்துக்கு மேல் சிறையில் போயிருந்தது. 2007 மார்ச்சில், 42 வயதில், அவர் இறந்துபோனார்.